முன்னால் மாமி, பின்னால் மருமகன்

கண்ணகைக்குக் கோபம் வருவது ஒன்றும் புதினமில்லை. அவளுக்குக் கோபம் வராத நாளைத்தான் கலண்டரில் தேட வேண்டும். ஆனால் ஐம்பத்தாறு வயதில், மகளின் பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு, கல்லடியில் வாவிக் கரையில் நாலு பேர் பார்க்க நிற்பது புதினம்தான். வாரை இழுத்துக் கட்டிவிட்ட பொடியனிடம், "மூச்சு விடக் கொஞ்சம் இடம் வைங்க தம்பி, நான் வீட்ட உசிரோட போகோணும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தளர்த்திவிட்டான்.

எல்லாம் மகள் கஜானியின் வேலை. சித்திரை வருசத்தை ஒட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்துப் பூங்காவில் விழா. ஏழரை மணிக்கு வாணம் விடுவார்கள். கரையில் நின்று பார்த்தால் சனத்தின் தலைதான் தெரியும், வாவிக்குள் கயாக்கில், அதுதான் ரெண்டு பேர் ஏறுகிற சின்னப் பிளாஸ்டிக் படகில், போய்ப் பார்த்தால் வானம் முழுக்கத் தெரியும் என்று கஜானியோடு வேலை செய்கிற அஸ்மியா சொல்லியிருந்தாள். அவளுடைய நானா, அதாவது அண்ணன், அஸாம் வெளிநாட்டுக்காரரைக் கயாக்கில் கூட்டிக்கொண்டு திரிகிறவர். அன்றைக்கு உள்ளூர்ச் சனத்துக்கு என்று ஆறு கயாக், பன்னிரண்டு பேர். "அம்மாவும் வாங்க, நானும் நீங்களும் ஒண்டில இருப்பம்" என்று கஜானி கெஞ்சினாள். கண்ணகை மூன்று நாள் மாட்டேன் என்றாள். நாலாம் நாள் வந்துவிட்டாள்.

அவள் வந்தது வாணம் பார்க்க இல்லை. வீட்டில் இருந்தால் யோசனை தின்றுவிடும் என்றுதான் வந்தாள். விடிந்தால் திங்கட்கிழமை. பத்து மணிக்கு மருமகன் டிலக்சன் ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைக் கொடுக்கப்போகிறார். கொடுத்தால் கட்டார், இரண்டு வருஷம். (மருமகனை 'அவன்' என்று யாரும் சொன்னால் கண்ணகைக்குப் பிடிக்காது. ஆகவே நாமும் 'அவர்' என்றே சொல்லிவிட்டுப் போவோம்.) அந்தப் பாஸ்போட் மேசை இழுப்பு லாச்சியை விட்டு வெளியே போகக் கூடாது. கண்ணகையின் நெஞ்சில் இருந்தது அது ஒன்றுதான்.

போகாதீங்க என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது கண்ணகை வீட்டு ஒழுங்கு. அவளுடைய அம்மா கண்ணகையின் புருஷனோடு சாகும்வரை பேசியதில்லை. (அந்த மனிசனும் இப்போது இல்லை.) இப்போது எத்தனையோ வீடுகளில் மாமியும் மருமகனும் ஒன்றாக இருந்து அரட்டை அடிக்கிறார்கள். அது அந்த வீடுகளின் பாடு. இந்த வீட்டில் டிலக்சன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து சாப்பிட்டாலும், "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வைக்கட்டா எண்டு கேளு புள்ள" என்று கஜானியைப் பார்த்துத்தான் கண்ணகை சொல்வாள். "காணும், போதும் எண்டு மாமிக்குச் சொல்லு" என்று அவரும் கஜானியைப் பார்த்தே சொல்வார். கலியாணம் முடிந்து இரண்டரை வருஷமாகக் கஜானி இந்தத் தபால் வேலை பார்க்கிறாள். கட்டார் விசயத்திலும் கண்ணகை மகளைத்தான் ஏவிப் பார்த்தாள். "நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு. வேணுமெண்டா நீங்களே சொல்லுங்க" என்று அவள் கையை விரித்துவிட்டாள்.

மருமகன் என்றால் கண்ணகைக்கு உயிர். ஏசி, பிரிட்ஜ் திருத்துகிறவர். நகரத்தில் நல்ல வேலை, கைநிறையக் காசு, ஆட்கள் தேடி வருகிறார்கள், தண்ணி வென்னி கிடையாது. போன வருஷம் கண்ணகை டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று இரவும் வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் குந்தியிருந்தவர் அவர்தான். உள்ளே வரவில்லை, மாமி வெட்கப்படுவார் என்று. இளநீரை மட்டும் கஜானியிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட பிள்ளை ஏன் கட்டாருக்குப் போகிறது? காசுக்கு இல்லை, அது கண்ணகைக்குத் தெரியும். அப்படியென்றால் தன்னில்தான் ஏதோ குறை. கறி பிடிக்கவில்லையோ, தன் வாய் பிடிக்கவில்லையோ, இப்படி ஒரு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

அஸாம் எல்லாரையும் நிரையாக நிற்பாட்டி, ஆளை ஆள் பார்த்து அளந்து பிரித்தார். "தங்கச்சி, நீங்களும் அஸ்மியாவும் ஒண்டில ஏறுங்க. ரெண்டு பேரும் ஒல்லி, சரியா வரும். அம்மா, நீங்க முன்சீட்டு. உங்களுக்குப் பின்னால கொஞ்சம் பலமான ஆள் வேணும்." சுற்றிப் பார்த்தார். நிரையின் கடைசியில் மருமகன் நின்றார். "மச்சான் டிலக்சன், நீங்க வாங்க."

கண்ணகை மகளைப் பார்த்தாள். மகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தில் அப்போதைக்கு ஒன்றுமே இல்லை. கள்ளி, பேசி வைத்துத்தான் செய்திருக்கிறாள் என்று கண்ணகைக்கு விளங்கியது. "வீட்ட வா, உனக்கு இரிக்கி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குள் இரண்டு பேர் அவளைப் பிடித்து முன்சீட்டில் இருத்திவிட்டார்கள். பின்னால் கயாக் ஒருதரம் அமுங்கி நிமிர்ந்தது. மருமகன் ஏறிவிட்டார்.

முதல் பத்து நிமிஷம் பார்க்கச் சகிக்கவில்லை. கயாக்கில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் துடுப்புப் போட வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். இங்கே இரண்டு வாயும் பூட்டு. அவள் இடப்பக்கம் போட அவர் வலப்பக்கம் போட, துடுப்பும் துடுப்பும் மோதி, கயாக் நின்ற இடத்திலேயே வட்டமடித்துக் கிறுகியது. மற்ற ஐந்தும் நிரையாகக் கல்லடிப் பாலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் கண்ணகை கயாக்கின் மூக்கைப் பார்த்து, "ஆராவது இடம் வலம் எண்டு ஒரு சத்தம் தந்தா நல்லம்" என்றாள்.

பின்னாலிருந்து, தண்ணீருக்குச் சொல்வதுபோல ஒரு குரல், "இடம்" என்றது. "வலம்" என்றது. அதற்குப் பிறகு கயாக் ஒழுங்காகப் போனது.

பொழுது பட்டு, மேற்கே படுவான்கரைப் பக்கம் சிவப்பு வற்றிக்கொண்டிருந்தது. நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. காற்று நன்றாக இருந்தது. கண்ணகைக்கு வேண்டாவெறுப்பாக ஒரு சந்தோஷம் வந்தது. அவள் செட்டிபாளையத்தில் வாவிக் கரையில் பிறந்தவள். சின்னதில் தகப்பனின் தோணியை அவளே தள்ளிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அந்தப் பழக்கம்தான் வந்து கழுத்தை அறுத்தது.

தண்ணீருக்குள் வேர்விட்டுக் கண்ணாப் பற்றைகள் நிற்கிற ஒரு இடத்தில் தண்ணீர் வற்றிப்போய் அடி தெரிந்தது. அப்படியான இடத்தில் தோணிக்காரர் துடுப்புப் போட மாட்டார்கள். நீளக் கம்பைச் சேற்றில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளுவார்கள். கண்ணகையின் கையும் யோசிக்காமல் அதைத்தான் செய்தது. இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பை நட்டுக்குத்தாகச் சேற்றில் குத்தி, உடம்பைப் போட்டு ஒரு தள்ளு. தோணி என்றால் பாரம், மெல்ல நகரும், கம்பைப் பிடுங்க நேரம் இருக்கும். இது பிளாஸ்டிக். ஒரே வழுக்காக வழுக்கிக்கொண்டு போய் எதிரே இருந்த மேட்டில் ஏறி நின்றது. துடுப்பு அங்கேயே சேற்றில் தனியே நின்றது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. டிலக்சன் தன் துடுப்பால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார், கயாக் அசையவில்லை. தூரத்தில் அஸாமின் விசில் கேட்டது. "நாங்க மேட்டில ஏறிட்டம், இஞ்ச நிண்டே பாக்கிறம், நீங்க போங்க" என்று டிலக்சன் கத்திச் சொன்னார். "அப்ப கிறுகி வரக்குள்ள இழுத்து எடுக்கிறன், இறங்கிப்போடாதீங்க, சேறு" என்று அஸாம் பதிலுக்குக் கத்தினார்.

அப்படியே மாமியும் மருமகனும் வாவி நடுவே மாட்டிக்கொண்டார்கள். மீன் ஒன்று துள்ளி விழுந்தது. கண்ணகையின் மனம் மட்டும் சும்மா இருக்கவில்லை. கேக்கிறதெண்டா இப்ப கேளு, விட்டா விடிஞ்சிரும் என்று அது அவளைப் பிடித்து உலுப்பியது. பிறகு அவளுக்கே ஒரு ஞாயம் தோன்றியது. முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே குற்றம்? இங்கே அவர் என் முதுகைத்தான் பார்க்கிறார், நான் நகரத்தைத்தான் பார்க்கிறேன். நடுவில் சுவர் இருக்கிற மாதிரித்தான். செத்துப்போன அம்மாவே வந்தாலும் இதில் பிழை சொல்ல முடியாது.

"நான் ஒண்டு கேக்கோணும்" என்று தொடங்கினாள்.

முதல் வாணம் மேலே போனது. பச்சை நிறத்தில் விரிந்து, இறங்கி, அதன் வெடி கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. தண்ணீருக்குள்ளும் அதே பச்சை விரிந்தது. கண்ணகை அதைப் பார்க்கவில்லை.

"நீங்க வெளிநாடு போறது என்னாலயா?"

வெடிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. "என்ன மாமி?" என்று பின்னாலிருந்து வந்தது. மாமி என்று அவர் வாயால் நேராக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். கண்ணகை இன்னொருதரம் உரத்துக் கேட்டாள்.

மூன்று நாலு வாணம் அடுத்தடுத்துப் போயின. சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகு, "ஓம் மாமி" என்றார். "உங்களாலதான்."

கறிதான் என்று கண்ணகை நினைத்தாள்.

"நான் அஞ்சரைக்கு மோட்டார் சைக்கிள உள்ளுக்கு விடக்குள்ள நீங்க ஹோலுக்க இருப்பீங்க. டிவி போட்டிருப்பீங்க. என்ர சத்தம் கேட்டதும் ஒழும்பிக் குசினி அடுப்படிக்குப் போயிருவீங்க. மறுகா நான் படுக்கப் போகும்வரைக்கும் வெளிய வரமாட்டீங்க. அந்தச் சின்னப் பலகையில குந்திக்கொண்டு இரிக்கிறீங்க. உங்களுக்கு முதுகு நோவு எண்டு கஜானி சொன்னவ. நானும் வெள்ளண்ண வந்து பாத்தன், பிந்தி வந்து பாத்தன். எப்ப வந்தாலும் நீங்க ஒழும்புறீங்க. அது உங்கட வீடு மாமி. நீங்க கல் சுமந்து கட்டின வீடெண்டு சொன்னாங்க. அந்த வீட்டில உங்களுக்கு இரிக்க இடமில்லாமப் பண்ணிப்போட்டு நான் எப்படி அந்தக் கதிரையில இரிக்கிற? ரெண்டு வருஷம் நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா ஹோலுக்க இருப்பீங்க எண்டு நினைச்சன்."

கண்ணகை திகைத்துப்போனாள். ஹோலை மருமகனுக்கு விட்டுக்கொடுப்பது மரியாதை. அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். வேலை முடித்து வருகிற பிள்ளை காலை நீட்டிச் சாய்ந்து இருக்கட்டும் என்றுதான் அவள் குசினிக்குள் முதுகு நோக நோகக் குந்தியிருந்தாள். அவள் பார்க்கிற டிவி நாடகத்தில் எத்தனை பகுதி பார்க்காமல் போனது என்று அவளுக்குத்தான் தெரியும். இதைப் பார்த்து அந்தப் பிள்ளை நாட்டை விட்டே போக வெளிக்கிட்டிருக்கிறது. இப்படியும் ஒரு மடைத்தனம் உலகத்தில் நடக்குமா என்று இருந்தது. யார் மடையர், அவரா தானா என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அது மரியாதைகா" என்றாள். மருமகனிடம், கூட்டாளியிடம் கதைப்பதுபோல, 'கா' போட்டுவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது.

"மரியாதை எண்டு எனக்கும் தெரியும் மாமி. ஆனா எனக்கு அது பாரமா இரிக்கி."

அப்போதுதான் கடைசி வாணங்களைக் கொளுத்தினார்கள். ஒன்றா இரண்டா, மழை மாதிரி ஒரேயடியாக மேலே போய் வெடித்தன. வாவி பகல் மாதிரி வெளித்தது. முன்னால் இருந்த கயாக்குகளில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். கண்ணகை மட்டும் கத்திக்கொண்டிருந்தாள். போகாதீங்க என்று கத்தினாள், வெடி விழுங்கியது. இன்னும் உரத்துக் கத்தினாள், அதையும் விழுங்கியது. அவளுக்குக் கோபம் வந்தது. வாணத்தில் வந்த கோபம், மருமகனில் வந்த கோபம், செத்துப்போன அம்மாவில் வந்த கோபம் எல்லாம் ஒன்றாகச் சேர, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

வாணம் சட்டென்று முடிந்துபோனது.

"போகாதீங்க மருமகன், நீங்க இல்லாத வீட்டில நான் ஆருக்குக் கறி வைக்கிற?"

அது வாவி முழுக்கக் கேட்டது. ஐந்து கயாக்கிலும் பத்துத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கரையிலும் கேட்டிருக்கும் என்று அஸ்மியா பிற்பாடு சத்தியம் பண்ணினாள். கண்ணகை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அது போய்விட்டது.

இருட்டுக்குள் எங்கோ இருந்து, "மாமி கேக்கிறது ஞாயம்தானே மச்சான்" என்று அஸாமின் குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். கஜானியின் சத்தத்தையே காணவில்லை.

டிலக்சன் சிரிக்கவில்லை. முன்னுக்குக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அப்ப நாளைக்கு விடிய நான் வெளிக்கிட்டு வரக்குள்ள ஒழும்பாம ஹோலுக்க இரிங்க. இருந்தீங்கெண்டா நான் போகல்ல."

கண்ணகை வாயைத் திறக்கவில்லை. அஸாம் வந்து கயிறு கட்டி இழுத்தபோதும், சேற்றில் நின்ற துடுப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்தபோதும், கரைக்கு வந்தபோதும், ஆட்டோவில் வீட்டுக்குப் போனபோதும் பேசவில்லை. "என்னம்மா, என்ன சொன்னாரு?" என்று கஜானி நச்சரித்துப் பார்த்தாள். "பேசாம வா" என்பதோடு சரி.

சின்ன விசயம்தானே, கதிரையில் இருப்பது என்று நமக்குப் படும். கண்ணகைக்கு அது சின்ன விசயம் இல்லை. இருட்டில், முகம் பார்க்காமல், வெடிச் சத்தத்தில் கத்தியது வேறு. பட்டப்பகலில் மருமகனுக்கு முன்னால் நிமிர்ந்து இருப்பது வேறு. அவள் அம்மா முழங்கால் வாதத்தோடுகூட எழும்பியவள். கடைசிக் காலத்தில் எழும்ப முடியாமல் போனபோது, மருமகன் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே தன்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோகச் சொன்னவள். அந்த அம்மாவின் மகள் எப்படி இருப்பாள்? பாயில் புரண்டுகொண்டே இருந்தாள். இருக்க முடியாது என்றுதான் விடியும்போது அவள் மனம் சொன்னது.

ஆனாலும் ஏழு மணிக்கு வந்து ஹோலில் கதிரையில் இருந்தாள். டிவியைப் போடவில்லை. கஜானி தும்புத்தடியோடு வந்து, அம்மாவைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் அவளைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

எட்டரைக்கு அறைக் கதவு திறந்தது. டிலக்சன் நீளக்கைச் சட்டை போட்டு, தலை சீவி, பாஸ்போட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கண்ணகையின் கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். இரண்டரை வருஷமாகப் பழகின உடம்பு ஒழும்பு, ஒழும்பு என்று அவளை உந்தியது. அவள் எழும்பவில்லை. தலையை மட்டும் தூக்கி அவரைப் பார்த்தாள்.

அவர் வாசற்கதவுக்குப் போகவில்லை. வந்து எதிரே இருந்த கதிரையில் இருந்தார். போனை எடுத்து ஏஜென்சிக்கு அடித்து, "நான் வரல்ல. ஓம், வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். கண்ணகையின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் எழும்பிவிடுவேனோ என்ற பயத்தில் துடைக்காமலே இருந்தாள்.

கஜானி இரண்டு தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இருவரும் எடுத்தார்கள். டிலக்சன் ஒரு மிடறு குடித்தார்.

"சீனி காணுமா மருமகன்?" என்று கண்ணகை கேட்டாள்.

"காணும் மாமி."

நடுவில் நின்ற கஜானி, பழக்கத்தில், "சீனி காணு..." என்று தொடங்கிவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வெறும் தட்டோடு குசினிக்குள் போய், அந்தச் சின்னப் பலகையில் குந்தி அழத் தொடங்கினாள்.